ஒத்தையிலயா போனீங்க? சிங்கப்பூரில் முதல் நாள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். சிங்கப்பூர் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து நாள் கதையையும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் முதல் நாளை மட்டும் சொல்கிறேன். தனியாகப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் மற்ற நாள்கள் தானாக நடக்கும்.

நான் திரும்பி வந்ததும் நம் படிக்கட்டிலும் பால் வாங்கும் இடத்திலும் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன பாத்தீங்க?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. "ஒத்தையிலயா போனீங்க?" என்றுதான் கேட்டார்கள். ஆமாம், ஒத்தையிலதான் போனேன். எனக்கு வயது 61. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். மகளும் நானும் சேர்ந்து போவதாகத்தான் டிக்கெட் போட்டோம். அவளுக்குக் கடைசி வாரத்தில் லீவு கிடைக்கவில்லை. "ரத்து பண்ணிரலாமாம்மா?" என்று கேட்டாள். அவள் அப்பா காலமாகி மூன்று வருஷமாக நான் ரத்து பண்ணியது போதும் என்று தோன்றியது. "உன் டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குடியிருப்பில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. நீங்கள் போகிறீர்கள், மூன்று மாதம் தங்குகிறீர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணி வரை நாலு சுவருக்குள்ளே இருந்துவிட்டு வருகிறீர்கள். கதவைத் திறந்து தெருமுனை வரை போய் வரத் தைரியம் இல்லை. அவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில், புறப்படும் முன் செய்ய வேண்டியவை.

சிங்கப்பூர் போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். விசா கிடைத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் இணையதளம் வந்தால் அது வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள்.

அடுத்தது, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமான ஒரு விஷயம். எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி வாசம் படாத பை அபூர்வம். ஆலைக்கோ, கடைக்கோ, குடோனுக்கோ கொண்டு போன பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கும் சோதனை விமான நிலையங்களில் உண்டு. புதுப் பை, துவைத்த துணி, அவ்வளவுதான். தீப்பெட்டி, கம்பி மத்தாப்பு எதையும் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். "அங்க இருக்க நம்ம பையனுக்கு நாலு மத்தாப்பு" என்று யார் கொடுத்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1972-லிருந்து பட்டாசுக்குத் தடை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு சீனப் புத்தாண்டு சமயத்தில் பட்டாசால் ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டம் அது. சூயிங் கம்மும் வாயில் போடுகிற புகையிலையும்கூட அங்கே கொண்டு போகக் கூடாது.

மூன்றாவது, ஒரு காகிதம். எல்லாம் போனில் இருக்கிறது என்று நினைப்போம். போனில் சார்ஜ் தீரலாம், சிக்னல் போகலாம். நான் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்: விடுதியின் பெயர், விலாசம், தொலைபேசி எண், விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வழி, மகளின் எண், அங்கே போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. அதையே இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் புடவை முந்தானையில் முடிந்த சுருக்குப் பையிலும் வைத்தேன். சிரிக்கிறீர்கள். முதல் நாள் காலையிலேயே அதுதான் கைகொடுத்தது.

இனி அந்த முதல் நாள்.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. சுமார் நாலு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு விமானத்தில் போனால் தூக்கம் சரியாக இருக்காது. இறங்கும்போது நீங்கள் பாதி ஆள்தான். இதை மனதில் வைத்துத்தான் அன்றைய நாளைத் திட்டமிட வேண்டும்.

இறங்கியதும் ஓடாதீர்கள். சாங்கி விமான நிலையத்தில் உட்கார நிறைய இடம் இருக்கிறது. முகம் கழுவி, குழாயில் தண்ணீர் பிடித்துக் குடியுங்கள். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். விமான நிலையத்தில் இலவச வைஃபை கிடைக்கும். அதில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அதன் பிறகு ரயில். நம் பக்கம் மெட்ரோ என்பதை அங்கே எம்ஆர்டி என்கிறார்கள். டிக்கெட் வரிசையில் நிற்கத் தேவையில்லை. தொட்டுச் செல்லும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே நுழைவாயிலில் காட்டலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சின்ன சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை, அதே அட்டையைத்தான் காட்ட வேண்டும். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் 60 ரூபாய்க்கு மேல்.

நான் விடுதி எடுத்திருந்தது லிட்டில் இந்தியாவில். முதல் முறை தனியாகப் போகிற நம்மவர்களுக்கு நான் சொல்வதும் அந்த இடம்தான். விமான நிலையத்திலிருந்து ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் என்ற நீல நிறத் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா வந்துவிடும். ஒரே ஒரு மாற்றம்தான்.

அந்த எக்ஸ்போ நிலையத்தில்தான் என் போன் படுத்துக்கொண்டது. ரோமிங் போட்டிருந்தும் சிக்னல் இல்லை. நடைமேடையில் எல்லோரும் வேகமாகப் போகிறார்கள். யாரையும் தெரியாது. நம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் சத்தம் போட்டுக் கேட்டுவிடலாம். அங்கே நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது உண்மை. ஒரு ஓரமாக நின்று அட்டையை எடுத்துப் படித்தேன். "நீலத் தடம், லிட்டில் இந்தியா" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சுவரில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். சந்தேகத்துக்கு நிலையப் பணியாளரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் கையால் வழி காட்டினார். அவ்வளவுதான். பயம் வந்தால் நடக்காதீர்கள், நில்லுங்கள். ஓரமாக நின்று, எழுதி வைத்ததைப் படித்து, சீருடை போட்டவரிடம் கேளுங்கள். எந்த ஊராக இருந்தாலும் இதுதான் முறை.

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினால் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது. அந்நாட்டின் நாலு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. கையில் வாங்குகிற ரூபாய் நோட்டிலும் "சிங்கப்பூர்" என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் அங்கே வருகிறது. படித்தது எட்டாவதுதான், ஆங்கிலம் வராது என்று தயங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதிகளில் பொதுவாக மதியம் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். அதுவரை பெட்டியை வரவேற்பு மேஜையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வெறுங்கையோடு வெளியே வாருங்கள். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். வெயிலும் மழையும் சொல்லிவிட்டு வராது.

அன்றைக்கு நான் பார்த்தது மூன்றே இடம். பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினான்கு இருந்தது.

முதல் இடம், விடுதிக்குப் பக்கத்திலேயே சிராங்கூன் சாலை. வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் தோசையும் தேநீரும் சாப்பிட்டேன். கீழே காய்கறி, மீன், சாப்பாட்டுக் கடைகள். வாழைப்பூவும் முருங்கைக்காயும் பார்த்தபோது சிவகாசி மார்க்கெட்டில் நிற்பது போல இருந்தது. வெளிநாடு போயும் கோயிலும் தோசையுமா என்று கேட்பீர்கள். முதல் நாள் காலையில் கால் ஊன்ற ஒரு இடம் வேண்டும். பழகிய இடத்தில் ஊன்றிக்கொண்டால் அடுத்த அடி பழகாத இடத்துக்குத் தைரியமாகப் போகும்.

தேக்காவை ஒட்டியே அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. சங்கத்து ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் வசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் அரசு கட்டிய அடுக்ககங்களில்தான் இருக்கிறார்கள். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை. பல கட்டடங்களில் தரைத்தளத்தில் வீடே கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். கல்யாணம், துக்கம், வயசானவர்கள் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அங்கேதான். நம்மிடம் அந்த இடம் முழுக்கக் கார் நிற்கிறது. இதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் சைனாடவுன். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதா நிறத் தடத்தில் மூன்றாவது நிலையம். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சீனர் பகுதிக்கு நடுவே நம் கோபுரம். 1819-ல் ராஃபிள்ஸ் வந்த சமயத்தில் பினாங்கிலிருந்து அவரோடு வந்த நாராயண பிள்ளை 1827-ல் நிறுவிய கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். அந்தப் பிள்ளை அங்கே செங்கல் சூளை போட்டவர். தீபாவளிக்கு முன்பு தீமிதித் திருவிழாவும் நடக்கிறது. அதே சாலையில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிப் பெரிய புத்தர் கோயில். கோயில் வாசலில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால், போன் இல்லாமல், திரும்பி வருவோமா என்று தெரியாமல் வந்திருக்கிறார்கள். நான் ஐந்து நாளில் திரும்பும் டிக்கெட்டோடு வந்து பயப்படுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு பக்கத்திலிருந்த உணவங்காடியில். நிறையச் சின்னக் கடைகள், நடுவே பொது மேஜைகள். தனியாகச் சாப்பிடுவதுதான் பெண்களுக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமான காரியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். என் மேஜையிலேயே ஒரு சீனப் பாட்டி வந்து உட்கார்ந்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும். 2021-லிருந்து அது சட்டம். பாட்டி தன் தட்டோடு என் தட்டையும் எடுக்கப் பார்த்தார். நான் அவர் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான் 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பிறகு ரயில் பிடித்து விடுதிக்கே திரும்பி, அறைச் சாவி வாங்கி, ஐந்து மணி வரை படுத்துவிட்டேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. காசு கொடுத்துப் போயிருக்கிறோம், ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று நாம் ஓடுவோம். தனியாகப் போகிறவருக்கு அசதி ஆபத்து. அசதியில்தான் பை தவறும், வழி தவறும், அழுகை வரும். பகலில் இரண்டு மணி நேரம் படுத்தால் மாலை உங்கள் கையில்.

மூன்றாவது இடம் மெரினா பே. லிட்டில் இந்தியாவிலிருந்து அதே நீலத் தடத்தில் நாலாவது நிலையம், பேஃப்ரண்ட். வண்டி மாற வேண்டியதில்லை. இருட்டும் நேரத்துக்கு வழியை இப்படி எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் திறந்த கார்டன்ஸ் பை த பே பூங்காவில் இரும்பால் செய்த ராட்சத மரங்கள் நிற்கின்றன. பெரியது 50 மீட்டர் உயரம். கண்ணாடி மாளிகைகளுக்குத்தான் டிக்கெட். வெளியே நடக்கவும் மரத்தடியில் உட்காரவும் காசு இல்லை. இரவு 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோடு விளக்குகள் ஆடும். தரையில் படுத்துக்கொண்டே பார்க்கிறார்கள். நானும் துண்டை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் "நல்லாருக்குல்ல" என்று சொல்ல ஆள் இல்லையே என்று அப்போது மனசு கொஞ்சம் கனத்தது. அதை மறைக்கவில்லை. அழுதாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டு நிமிடத்தில் அது போய்விட்டது. விளக்கு அணைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஒன்பது மணி சுமாருக்கு லிட்டில் இந்தியா திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. புல் தரையிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிய கடையில் ஒரு தம்பி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா, நமக்கு எந்த ஊரு?" என்றான். சிவகாசிப் பக்கம், எம். புதுப்பட்டி என்றேன். "வெடி ஊரா! நான் சாத்தூருக்கா" என்று சிரித்தான். "இங்க தீபாவளிக்கு விளக்கு ஜெகஜோதியா இருக்கும்க்கா. சத்தம்தான் இல்ல. அன்னைக்கு எங்கம்மாட்ட போனைத் தெருவுல பிடிக்கச் சொல்லி வெடிச் சத்தம் கேப்பேன்" என்றான். பிறகு, "மெர்லயன் சிங்கச் சிலை பாத்தீங்களாக்கா?" என்றான். நாளைக்கு என்றேன். "நான் வந்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் பக்கத்துல போய்ப் பாக்கல. அடுத்த ஞாயிறு போவணும்" என்றான். நாம் கஷ்டப்பட்டு வரும் பயணத்தின் மதிப்பு எனக்கு அப்போது தெரிந்தது.

அறைக்கு வந்து மகளுக்குப் பேசினேன். "என்னம்மா பாத்த?" என்றாள். மூன்று இடம் என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். அவளுக்குக் கணக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் ஆறு தடவை ரயிலில் ஏறி இறங்கினேன், எக்ஸ்போவில் மாறியதையும் சேர்த்து. ஆறு தடவையும் சரியான இடத்தில் இறங்கினேன். தனியாகச் சாப்பிட்டேன், தனியாக இரவில் திரும்பினேன். மறுநாள் காலை எழுந்தபோது பயம் இல்லை. முதல் நாளின் வேலை அதுதான். போகவும் திரும்பி வரவும் தெரிந்துகொள்வது. சிலையும் கோபுரமும் மறுநாளும் அங்கேயேதான் நிற்கும்.

கடைசியாக, வெளிநாடு போகும் எண்ணம் இருக்கிறவர்களுக்கும், பிள்ளை வீட்டுக்குப் போகப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். இந்த மாதமே ஒரு நாள், தனியாக, பஸ்ஸில் மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வாருங்கள். அட்டையில் வழி எழுதி எடுத்துப் போங்கள். காரும் வேண்டாம், கூட ஆளும் வேண்டாம். அது முடிந்தால் சிங்கப்பூரும் முடியும். பிள்ளை வீட்டில் இருக்கும்போதும் முதல் நாள் தெருமுனைக் கடை வரை, மறுநாள் ஒரு ரயில் நிலையம் தள்ளி என்று போய்ப் பழகுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா அப்பாவை வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள், நல்லது. ரயில் அட்டையையும் வீட்டுச் சாவியையும் அவர்கள் கையில் கொடுங்கள். "தனியா எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள்.

வருகை அட்டை நிரப்ப, வழி எழுத யாருக்காவது உதவி வேண்டுமென்றால் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் பொது அறையில் இருப்பேன். பாஸ்போர்ட் எடுத்து வாருங்கள்.